காப்பு அவிழ்க்கும் நாள்

தீம் பார்க் கைப்பட்டை ஒன்றைக் கத்தியால் கீறிப் பிரித்தால் உள்ளே இரண்டு சங்கதி இருக்கும். ஒன்று, மெல்லிய செம்புச் சுருளும் அதன் முனையில் ஒட்டிய கடுகளவு சிப்பும். இதற்கு பேட்டரி கிடையாது. ரீடர் வீசும் அலையிலேயே உயிர் பெற்று, தன் எண்ணைச் சொல்லிவிட்டு அடங்கிவிடும். அலைவரிசை 13.56 மெகாஹெர்ட்ஸ். எட்டும் தூரம் இரண்டு மூன்று விரற்கடை. இன்னொன்று, சட்டைப் பொத்தான் அளவு பேட்டரியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவும். இதை யாரும் எழுப்ப வேண்டியதில்லை. கையில் கட்டிய நேரம் முதல் தன் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கும். கூரையில் பொருத்திய ரீடர் பல மீட்டர் தள்ளி இருந்தே அதைக் கேட்டுக்கொள்ளும்.

எல்லாப் பட்டையிலும் இரண்டும் இருக்காது. விலை குறைந்ததில் முதலாவது மட்டும்தான். அது வேலை செய்ய விருந்தினர் கையை நீட்ட வேண்டும். இரண்டாவதற்கு அவர் எதுவும் செய்ய வேண்டாம், நடந்து போனாலே போதும். பன்னிரண்டு வருடம் இந்தப் பட்டைகளோடும் ரீடர்களோடும் குப்பை கொட்டியவன் என்ற முறையில் நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த வித்தியாசத்துக்குள்தான் இருக்கிறது.

ஃப்ளோரிடா மாநிலம் ஆர்லாண்டோவுக்கு நான் போய்ச் சேர்ந்தது 2012 கடைசியில். அதற்கு முன் சென்னையில் அலுவலகங்களுக்கு அட்டை தேய்த்துத் திறக்கும் கதவுகள் பொருத்திக்கொண்டிருந்தேன். போன மறுமாதமே ஊரெல்லாம் ஒரே பேச்சு. வால்ட் டிஸ்னி வேர்ல்ட் தன் நான்கு பூங்காக்களுக்கும் விடுதிகளுக்கும் சேர்த்து ஒரே கைப்பட்டையைக் கொண்டுவரப்போவதாக 2013 ஜனவரியில் அறிவித்தது. மேஜிக்பேண்ட் என்று பெயர். அது நுழைவுச்சீட்டு, அறைச் சாவி, பணப்பை எல்லாம். அந்தத் திட்டத்துக்கு ஏறக்குறைய 100 கோடி டாலர் செலவானது என்று பின்னாளில் செய்தி வந்தது. 28,000க்கும் மேற்பட்ட விடுதி அறைக் கதவுகளுக்குப் பூட்டு மாற்றினார்கள். வாசலில் இருந்த சுழல் கதவுகளை எடுத்துவிட்டு, மிக்கி தலை பதித்த கம்பங்களை நட்டார்கள். பட்டையிலிருக்கும் மிக்கியைக் கம்பத்து மிக்கியோடு ஒட்டினால் பச்சை விளக்கு எரியும். சிக்கல் என்றால் சிவப்பு எரியாது, நீலம் எரியும். சிவப்பைக் கண்டால் குழந்தையோடு வந்தவர் பதறுவார், பின்னால் நிற்பவர் முறைப்பார். நீலத்துக்கு யாரும் பதறுவதில்லை. யாரோ உட்கார்ந்து மனிதர்களைப் பற்றி யோசித்திருக்கிறார் என்று அன்று எனக்குத் தோன்றியது. இன்றும் தோன்றுகிறது.

அறிவிப்பு வந்த அதே மாதம் மாசசூசெட்ஸைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் எட்வர்ட் மார்க்கி டிஸ்னி தலைவர் பாப் ஐகருக்குக் கடிதம் எழுதினார். குழந்தைகளிடமிருந்து என்னென்ன திரட்டுவீர்கள், யாருக்குக் கொடுப்பீர்கள் என்று வரிசையாகக் கேள்விகள். ஐகர் சில நாட்களிலேயே கோபமாகப் பதில் எழுதினார். இதில் சேர்வதும் சேராததும் விருந்தினர் விருப்பம், குழந்தைகள் விஷயம் பெற்றோர் கையில் என்பது அதன் சாரம். எங்கள் பட்டறையில் அந்த இரண்டு கடிதங்களையும் வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கச் சண்டை நடந்தது. நான் ஐகர் பக்கம் பேசினேன். பட்டை வேண்டாதவருக்கு அட்டை கொடுக்கிறார்களே, அட்டையில் அந்தப் பேட்டரி ரேடியோ கிடையாதே என்றேன். சொன்னது சரிதான். ஆனால் விருந்தினர் எத்தனை பேருக்கு அந்த வேறுபாடு தெரியும் என்று ஒருவர் திருப்பிக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நான் வேலை பார்த்தது டிஸ்னியில் அல்ல. ரீடர் பொருத்திப் பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில். பெயர் வேண்டாம். என் பொறுப்பில் இருந்தது ஒரு தண்ணீர்ப் பூங்கா. அதன் பெயரும் வேண்டாம்.

தண்ணீர்ப் பூங்காவில் கைப்பட்டையைப் போல வரம் வேறில்லை. நீச்சலுடையில் பணப்பையை எங்கே வைப்பது? லாக்கர் சாவியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு சறுக்கில் இறங்கினால் சாவி குளத்தின் அடியில் கிடக்கும். பட்டை வந்த பிறகு தாய்மார்கள் இரண்டு கையும் வீசி நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் ஐஸ்கிரீம், மணிக்கட்டை நீட்டினால் கணக்கு முடிந்தது. 2017இல் யுனிவர்சல் அதே ஊரில் வால்கேனோ பே திறந்தபோது டாபுடாபு என்ற பட்டையைக் கொடுத்தது. சறுக்கின் வாசலில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய் நீந்தினார்கள், முறை வந்ததும் பட்டையே கூப்பிட்டது. வெயிலில் ஒன்றரை மணி நேரம் வெறுங்காலோடு நின்றவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

வசதியைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. வரிசை என்பது சின்ன விஷயம் இல்லை. வருடம் முழுக்கச் சேர்த்து வைத்த காசில் குடும்பத்தோடு வந்தவருக்கு ஒரு நாளில் பாதியை வரிசை தின்றுவிட்டால் அது அநியாயம்.

வேலையின் கஷ்டமெல்லாம் வேறு இடத்தில். மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் குடித்துவிடும். நூறு பேர் நெருக்கி நிற்கும் வரிசையில், கையைத் தொங்கப்போட்டிருப்பவரின் பட்டை மேலே இருக்கும் ரீடருக்குக் கேட்கவே கேட்காது. ரீடரை மேலே ஏற்றினோம், சாய்த்தோம், எண்ணிக்கையைக் கூட்டினோம். இரும்புக் கம்பத்தில் ஒட்டினால் தட்டு ரீடர் செத்துவிடும், நடுவே ஃபெரைட் தகடு வைக்க வேண்டும். கோடையில் பிற்பகல் தோறும் இடிமழை. மழை விட்டதும் எந்த ரீடரில் ஈரம் இறங்கியிருக்கிறது என்று ஏணியோடு சுற்றுவேன். வாசலில் விரல் வைக்கும் கருவி இன்னும் மோசம். சன்ஸ்கிரீன் பிசுக்கு ஒரு பக்கம், தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல் இன்னொரு பக்கம். ஊரில் ரேஷன் கடையில் வயதானவர்கள் தேய்ந்த விரலை மாற்றி மாற்றி வைத்துவிட்டுத் திகைத்து நிற்பார்களே, அதே முகத்தை அங்கேயும் பார்த்தேன்.

2015 கோடையில் ஒரு நாள் வாசல் ரீடரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பொள்ளாச்சிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வந்தது. பேச்சைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. நான் தமிழில் வணக்கம் சொன்னதும் அவர்களுக்கு ஒரே சந்தோஷம். கண்டாங்கிச் சேலை கட்டிய அம்மாயிக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். பேத்தி அவர் கையில் பட்டையைக் கட்டிவிட்டாள். அம்மாயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஏங் கண்ணு, காப்புக் கட்டியாச்சு. இனி ஊர் எல்லையத் தாண்டப்படாதாக்கும்?"

"அப்படியெல்லாம் இல்லீங்க அம்மாயி. எப்ப வேணும்னாலும் போலாமுங்க."

"அப்பறம் எப்ப அவுக்கறது?"

"சாயங்காலம் போறப்ப அந்தப் பெட்டில போட்டுட்டுப் போயிரலாமுங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டினால் ஊரைவிட்டு வெளியே இரவு தங்கக் கூடாது. எங்கள் ஊரிலும் அதே கட்டுப்பாடுதான். கட்டு உண்டு, காவல் உண்டு. ஆனால் எதற்காகக் கட்டினோம் என்று ஊருக்கே தெரியும். எந்த நாளில் அவிழ்ப்போம் என்பது கட்டும்போதே தெரியும். நான் அம்மாயிக்குச் சொன்ன பதில் ரப்பர் பட்டைக்குத்தான் பொருந்தும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பெட்டியில் விழுந்த பட்டையைக் கழுவி மறுநாள் வேறொருவர் கையில் கட்டுவோம். அம்மாயி அன்று எங்கே நின்றார், எத்தனை நிமிடம் நின்றார் என்ற பதிவு சர்வரில் அப்படியே கிடக்கும். அதை அவிழ்க்கும் நாள் என்று ஒன்று யாரும் குறித்திருக்கவில்லை.

அதே கோடையில் ஒரு பையன் தொலைந்தான். ஐந்து வயது. தாய்க்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும், அழுகையில் அதுவும் வரவில்லை. தண்ணீர்ப் பூங்காவில் குழந்தையைக் காணோம் என்றால் முதலில் குளத்தின் அடியைத்தான் பார்ப்பார்கள். உயிர்காவலர்கள் விசிலடித்து எல்லோரையும் மேலேற்றினார்கள். நான் ரீடர் பதிவைத் திறந்தேன். பையனின் பட்டையைக் கடைசியாகக் கேட்டது துண்டு கொடுக்கும் கூடாரத்துப் பக்கத்து ரீடர், பதினோரு நிமிடத்துக்கு முன்னால். ஓடினோம். ஈரத் துண்டுக் கூடைகளுக்குப் பின்னால் சாய்வு நாற்காலியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அந்தத் தாய் என் கையைப் பிடித்து முத்தமிட்டார். என் தொழிலில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய கூலி அதுதான்.

மறுவாரமே பாதுகாப்புப் பிரிவிலிருந்து கேட்டார்கள், அந்தப் பதிவுத் திரையை எப்போதும் திறந்தே வைத்தால் என்ன என்று. ஆபத்து நேரத்தில் தேட வேண்டியதில்லையே. மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. செய்து கொடுத்தேன். அடுத்த மாதம் விற்பனைப் பிரிவு கேட்டது. ஐஸ்கிரீம் கடை முன்னால் நின்றுவிட்டு வாங்காமல் போகிறவர்கள் யார்? அதையும் அதே பதிவிலிருந்து எடுக்கலாம் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதற்கு அடுத்து, குடும்பத்தில் யார் பிடித்த பிடியில் மற்றவர்கள் நடக்கிறார்கள் என்ற கேள்வி. குழந்தையைக் கண்டுபிடிக்கத் திறந்த கதவு வழியாக ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் தங்கள் வேலையைத்தான் பார்த்தார்கள்.

பிறகு அந்தப் பிற்பகல். விருந்தினர் சேவைக் கவுண்டருக்கு அடியில் படுத்து ஒரு கேபிளை மாற்றிக்கொண்டிருந்தேன். மேலே ஒரு ஆணின் குரல். கணக்கில் ஏதோ சந்தேகம், இன்று யார் யார் என்ன வாங்கினார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார். டிக்கெட் அவர் பெயரில். மனைவி, குழந்தை பட்டைகள் அவர் கணக்கோடு இணைத்தவை. கவுண்டரில் இருந்த பெண் இருபது வயது, உதவி செய்வதில் ஆர்வமுள்ளவள். திரையை அவர் பக்கம் திருப்பினாள். அதில் வாங்கியது மட்டும் வராது, எல்லாத் தட்டும் வரும். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். "இரண்டு பத்துக்கு வெளியே போயிருக்கிறாள். மூன்று நாற்பதுக்குத்தான் உள்ளே வந்திருக்கிறாள்." குரலை உயர்த்தவே இல்லை. கவுண்டரின் கீழ் இடைவெளி வழியாக எனக்குத் தெரிந்தது எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கால்கள் மட்டும். ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. மடியில் குழந்தை காலாட்டிக்கொண்டிருந்தது. அவர் அந்த நேரத்தைப் படித்ததும் அந்தப் பெண்ணின் கால் விரல்கள் உள்ளுக்கு மடங்கிக்கொண்டன. அப்படியே இருந்தன.

அந்தப் பெண் எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. காரில் போய்த் தூங்கியிருக்கலாம், யாருக்காவது போன் செய்திருக்கலாம். எனக்கோ, பூங்காவுக்கோ, என்னைக் கேட்டால் கணவருக்கோ, அந்தத் தொண்ணூறு நிமிடத்தில் உரிமை கிடையாது. ஆனால் அதை எழுதி வைத்தது என் ரீடர்.

அன்று மாலையே மேலாளரிடம் சொன்னேன். காசு கொடுத்தவருக்குப் பார்க்க உரிமை உண்டு என்றார். கொடுத்த காசு வாங்கிய பொருளுக்குத்தானே, மனைவி நடந்த வழிக்கும் சேர்த்தா என்று கேட்டேன். எழுதிக் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். திரையில் வாங்கிய கணக்கு மட்டும் தெரியும்படி மாற்ற ஏழு மாதம் ஆனது. மாற்றுவதற்கு ஆன வேலை ஒரு நாள்.

அதன் பிறகு நான் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் கைகளைப் பார்க்க ஆரம்பித்தேன். மகளைக் கூட்டிக்கொண்டு டிஸ்னியின் மேஜிக் கிங்டம் போனபோது, இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் படகு முடியும் இடத்தில் திரையில் பெயர் சொல்லி விடைகொடுத்தார்கள். தன் பெயரைக் கண்டு அவள் படகிலேயே துள்ளினாள். எனக்கும் உள்ளம் குளிர்ந்தது. கூடவே, அவள் எந்த இடத்திலும் கையை நீட்டவில்லை என்பதையும் மனது குறித்துக்கொண்டது. செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயினில் எடுத்த படம் கேட்காமலே கணக்கில் வந்து சேர்ந்ததும் அதே ரேடியோவின் வேலைதான்.

டிஸ்னியே முன்பு வரிசையின் நீளத்தை அளந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். வாசலில் நிற்கும் ஊழியர் யாரோ ஒருவரிடம் கழுத்துக்கயிறு கோத்த சிவப்பு அட்டையைக் கொடுப்பார். அந்த முனையில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள் என்பார். அங்கே வாங்கித் தேய்த்தால் எத்தனை நிமிடம் ஆனது என்று தெரிந்துவிடும். சுமக்கிறவருக்குத் தாம் சுமப்பது தெரியும். எதற்கென்று தெரியும். முனையில் கொடுத்துவிட்டால் முடிந்தது. அந்த அட்டைக்கு யாருடைய பெயரும் தேவைப்படவில்லை. எல்லோர் கையிலும் பட்டை வந்த பிறகு எங்கள் பூங்காவில் அதே நிமிடக் கணக்கை ஆயிரக்கணக்கான பேரின் பெயரோடு சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தோம். கணக்கு கொஞ்சம் துல்லியமானது. கொஞ்சம்தான்.

சட்டம் மெதுவாக வந்தது. அமெரிக்காவில் பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளின் இணையத் தகவலைக் காக்கும் சட்டம் 1998இலேயே உண்டு. 2013 ஜூலை முதல் அதன் விதிகளில் இருப்பிடத் தகவலும் சேர்ந்தது. எங்களை உண்மையில் உலுக்கியது இலினாய் மாநிலம். சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பூங்காவில் சீசன் பாஸுக்காகப் பதினான்கு வயதுப் பையனின் கட்டைவிரல் ரேகையை எடுத்திருந்தார்கள். எழுத்தில் சம்மதம் வாங்கவில்லை, எத்தனை நாள் வைத்திருப்போம் என்று சொல்லவில்லை என்று தாய் வழக்குப் போட்டார். வேறு நஷ்டம் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை, சட்டப்படியான உரிமையை மீறியதே போதும் என்று 2019 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021இல் 3.6 கோடி டாலருக்கு வழக்கு முடிந்தது. அந்தத் தீர்ப்பு வந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டோம், நாம் எத்தனை நாள் வைத்திருக்கிறோம்? யாருக்கும் தெரியவில்லை. முதல் நாள் முதல் எதையும் அழித்ததே இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இதற்குள் பட்டையின் காலமே மாறத் தொடங்கியது. டிஸ்னி 2021 ஜனவரி முதல் விடுதி விருந்தினருக்கு இலவசமாகப் பட்டை கொடுப்பதை நிறுத்தியது, அதே வருடம் போனிலேயே எல்லாம் செய்யும் வழியைக் கொண்டுவந்தது. மேஜிக் கிங்டம் வாசலில் முகத்தைப் படிக்கும் கருவியை ஒரு மாதம் சோதித்தார்கள். 2021 செப்டம்பரில் திறந்த யுனிவர்சல் பெய்ஜிங்கில் நுழைவு முதல் லாக்கர் வரை முகம்தான் சாவி. டிஸ்னி பட்டையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் பேட்ஜெட் கார்னிவல் கப்பல் நிறுவனத்துக்குப் போய் ஓஷன் மெடாலியன் செய்தார். 2017இல் ரீகல் பிரின்சஸ் கப்பலில் அது வந்தது. கதவை நெருங்கினாலே திறக்கும், கையை நீட்ட வேண்டிய அவசியமே இல்லை. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அழகான வேலை, நான் மனதாரப் பாராட்டுவேன். ஆனால் அந்தக் கை நீட்டலைத்தான் நான் விருந்தினரின் சம்மதமாக எண்ணி வந்தேன். பட்டையை அறை மேசையில் கழற்றி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் யாருக்கும் தெரியாமல் உலாத்தலாம். முகத்தை எங்கே கழற்றி வைப்பது?

2024இல் ஊர் திரும்பி இப்போது கோவையில் இருக்கிறேன். பொழுதுபோக்குப் பூங்கா நடத்துகிறவர்கள் கேட்டால் போய்ப் பார்த்துக் கொடுக்கிறேன். 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைத் தொடர்ந்து கண்காணிப்பதைத் தடுக்கிறது, விதிவிலக்குக்கும் இடம் வைத்திருக்கிறது. பூங்காவுக்கு வருகிறவர்களில் பிள்ளைகள் ஏராளம். கேட்கிறவர்களிடம் மூன்று கேள்வி வைப்பேன். இந்த ரீடர் கையை நீட்டினால் படிப்பதா, நீட்டாமலே படிப்பதா? படித்ததில் பெயர் எதற்கு? எந்த நாளில் அழிப்பீர்கள்? நீட்டாமல் படிக்கும் ரீடரைக் குழந்தை தேட மட்டும் வைக்கச் சொல்வேன், அதன் திரையை இரண்டு பேர் சேர்ந்தால்தான் திறக்க வேண்டும் என்பேன். சிலர் ஒப்புக்கொள்கிறார்கள். சிலர் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள்.

ஆர்லாண்டோவில் நான் செய்த கடைசி வேலைகளில் ஒன்று, இரவு இரண்டு மணிக்குத் தானாக ஓடும் ஒரு சின்ன நிரல். அன்றைய வரிசை ரீடர்கள் கேட்டதையெல்லாம் நிமிடக் கணக்காகக் கூட்டி வைத்துக்கொண்டு, யாருடையது என்ற பகுதியை அழித்துவிடும். வாங்கிய கணக்கு மட்டும் சட்டம் கேட்கும் காலம் வரை இருக்கும். முதல் இரவு அது ஓடும்போது சர்வர் அறையில் உட்கார்ந்து பார்த்தேன். பழைய வருடங்களையும் சேர்த்து அழிக்க வேண்டியிருந்ததால் நெடுநேரம் பிடித்தது. 2023, 2022 என்று தேதிகள் பின்னோக்கி இறங்கின. 2015 ஜூலைக்கு வந்தபோது அம்மாயி வந்த நாள் எது என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். பிடிபடவில்லை. ஜூலையின் வரிகள் குறைந்துகொண்டே வந்து முடிந்தன, அடுத்து ஜூன் தொடங்கியது.